ஜீப்பில் வெந்த ரெக்கார்டுப் பெட்டி

கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தச் சில்லிப்பு... இன்னும் மறக்கவில்லை.

வெளியே ஆம்பூரின் மே மாத வெயில். உள்ளே எங்கள் ஷூ கம்பெனி லேபின் கண்டிஷனிங் ரூம். டெஸ்ட் செய்வதற்கு முன்னால் தோல் துண்டுகளை ஒரே சூட்டில், ஒரே ஈரத்தில் வைத்திருக்கும் அறை. கரண்ட் போனால் அந்த ரூமுக்குத்தான் முதலில் ஜெனரேட்டர் ஓடும். மனுஷருக்கு இல்லாத மரியாதை தோலுக்கு!

நேற்று ரெக்கார்டு சேர்ப்பவர்களின் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார்: "சோல், ஹிப் ஹாப் வினைல் ரெக்கார்டு சேர்க்கப் போறேன், முதல்ல எதை வாங்கலாம்?" சோல் என்றால் செருப்பு சோல் இல்லை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய பாட்டு வகை. பதில் எழுத உட்கார்ந்தேன். மனசு நேராக அந்த ரூமுக்குப் போய்விட்டது.

அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை டேனியல், பேர்ணாம்பட்டுக்காரர். எத்தியோப்பியாவில் ஒரு ஷூ ஃபேக்டரியில் டெக்னீஷியன். அவரோடு சரியாகப் பேசியதுகூட இல்லை. திரும்பக் கிளம்பும் அன்று வீட்டுக்கு வந்து ஒரு அட்டைப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

"எங்க வீடு ஷீட் போட்ட வீடு. மே மாசம் அடுப்பு மாதிரி ஆய்டும். உங்க லேப்ல ஏசி ரூம் இருக்காமே... அங்க வெச்சிக்கிறியா? நிக்க வெச்சே வையி. படுக்க வெச்சிடாத."

உள்ளே ரெக்கார்டுகள். ட்ரெயினிங்குக்காக இத்தாலி போனபோது பழைய கடைகளில் தேடித் தேடிப் பொறுக்கியவை. ஹிப் ஹாப்காரர்கள் பழைய சோல் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் தங்கள் பாட்டைச் சொல்வார்களாம். இவர் அந்தப் பழையதையும் புதியதையும் ஜோடி ஜோடியாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

அவர் தெரு முனை திரும்பியதும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "ஊர்ல மாப்ளைங்க பொண்ணுக்கு மோதிரம் குடுப்பாங்க. இவரு இன்னாடி, பாட்டுத் தட்ட குடுத்துட்டுப் போறாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பா, சாம்பாரில் உப்பு கம்மி என்றாலே சோற்றுத் தட்டை எறிகிறவர். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்கு ஏதாவது ஆனால் தெரிந்துவிடும்...

லேப் இன்சார்ஜ் செல்வி அக்கா நல்லவர். "ஓரமா வெச்சிக்கோ. தோலோட தோலா கெடக்கட்டும்" என்றார். தினமும் போனதும் முதலில் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அப்புறம் அந்த ஆடிட். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் திடீரென்று ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நான் ஸ்டோருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், அவர் கண்டிஷனிங் ரூமிலிருந்து வெளியே வருகிறார். உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்டி இல்லை.

செல்வி அக்கா என் காதோரம் வந்தார். "பயப்படாத. ஆடிட்டர் கண்ணுல படக்கூடாதுன்னு டிரைவர்கிட்ட குடுத்து ஆபீஸ் ஜீப்புல வெக்க சொல்லிட்டேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிழலே இல்லாத இடத்தில் ஜீப். கண்ணாடி எல்லாம் மூடி. உச்சி வெயில்.

ஃப்ளெக்ஸிங் மெஷின் தோலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தது, டக் டக் என்று. ஆடிட்டர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன், கண் மட்டும் ஜன்னலில். ஓட முடியாது... ஓடினால் வேலை போய்விடும். மனுஷர் நிதானமாக டீ வேறு கேட்டார்.

அவர் கிளம்பியதும் ஓடினேன். சீட்டின் மேல் பெட்டியைப் படுக்க வைத்திருந்தார்கள். கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி. மற்றவையெல்லாம் எப்படியோ பிழைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சோல் ரெக்கார்டு மட்டும் பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது.

அன்று சாயங்காலமே அவருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதோடு லைன் போய்விட்டது.

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். "லைன் கட் ஆச்சா... இல்ல அவரே கட் பண்ணிட்டாரா?"

தெரியவில்லை. திரும்பப் போட்டால் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. சோறு இறங்கவில்லை. அம்மா ஜெபத்தில் ரெக்கார்டுக்காகவும் வேண்டிக்கொண்டாள். அவர் லீவில் வருகிறார் என்ற செய்தியே அவர் அக்கா மூலமாகத்தான் வந்தது.

வந்தார். கையில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். அம்மா காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். நான் பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஓரடி தள்ளியே நின்றேன். எங்கள் வீட்டில் பழகிய பழக்கம் அது.

நெளிந்ததை எடுத்துக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிளேயரில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஊசி எகிறாதபடி அதற்கு மேலே பாரமாக வைத்தார். ஊசி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. ஒரு பெண் குரல், ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி அசைந்து அசைந்து... இத்தனை நாள் காவல் காத்த பெட்டியிலிருந்து நான் கேட்ட முதல் பாட்டு.

அவர் பாட்டைக் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க லைன் எல்லாம் டெட் ஆய்டுச்சி. பேஜாராப் போச்சி. உனக்கு எப்டி சொல்றதுன்னே தெரியல... ஆமா, இன்னாத்துக்கு இவ்ளோ எளச்சிட்ட? இதுக்கா?"

நான் அழுதுவிட்டேன். காபியோடு வந்த அம்மாவும் அழுதாள்.

இப்போது வேலூரில் எங்கள் வீட்டிலேயே ஏசி ரூம், சுவர் முழுக்க ஷெல்ஃப், எல்லாம் ஜோடி ஜோடியாக. கேட்ட நண்பருக்கு என் பதிலும் அதுதான்... ஜோடியாக வாங்குங்கள். ஹிப் ஹாப் ரெக்கார்டு பிடித்திருந்தால் அதற்கு அடியில் ஓடுகிற சோல் பாட்டையும் தேடிப் பிடியுங்கள். நெளிந்த அந்த ரெக்கார்டுக்கு மாற்றாக நல்லதாகவே ஒன்று பின்னால் விலைக்கு வந்தது. அவர் வாங்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்றும் மே மாதத்தில் கரண்ட் போனால் ஷெல்ஃபுக்கு ஓடுவது நான்தான். அட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அன்றைக்கு ரெக்கார்டைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தேன். இன்றைக்கு என் பயமெல்லாம் ரெக்கார்டுக்கு மட்டும்தான்.