பதினோராம் நம்பர் கம்பி

லூஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசூரில் அது சாதாரணச் சொல் இல்லை. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு போல்ட் லூஸாகப் போய்விட்டால் உற்பத்தி லைனையே நிறுத்தி விசாரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால், கல்யாணம் வேண்டாம் என்றவளும் லூஸு, முப்பது தாண்டி கிட்டார் வாங்கியவளும் லூஸு. இரண்டும் நான்தான். அதனால் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவின் மாஸ்டர் என் கிட்டாரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "ஏம்மா, கம்பியெல்லாம் லூஸா இருக்குதே" என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

என்னுடையது சின்ன கிட்டார். உடம்பும் சின்னது, கழுத்தும் குட்டை. கம்பெனி பஸ்ஸில் முழங்காலுக்கு நடுவே அடங்கும் என்பதற்காக நான் அதை வாங்கவில்லை. கடையில் மடியில் வைத்த உடனே என் கை அதன்மேல் தானாக விழுந்தது, அதற்காக வாங்கினேன். கடைக்காரர் பத்தாம் நம்பர் கம்பி செட் மாட்டிக் கொடுத்தார். கம்பிகளிலேயே மெல்லியது எவ்வளவு தடிமனோ அதுதான் செட்டின் பெயர். பத்து மெலிசு, பன்னிரண்டு தடிப்பு. "லேடீஸுக்கு இதாங்க மேடம் கரெக்ட். விரலு நோவாது" என்றார். விரல் நோகவில்லை, உண்மைதான். ஆனால் கழுத்து குட்டையான கிட்டாரில் கம்பிக்கு விறைப்பு குறைவு. கொஞ்சம் ஓங்கி மீட்டினாலே கம்பி கழுத்தில் பதித்த ஃப்ரெட் பட்டைகளில் அடிபட்டு ஜிர்ரென்றது. அந்த மட்டில் மாஸ்டர் சொன்னது சரிதான்.

மாஸ்டருக்கு வார நாட்களில் இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. "பன்னெண்டு போடும்மா. நல்லா டைட் பண்ணு, சத்தம் பிச்சிக்கும்" என்றார். போட்டேன். சத்தமும் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. சில நாளில் பிரிட்ஜுக்குப் பின்னால், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் அந்தக் கட்டைக்குப் பின்னால், பலகை உப்பினாற்போலத் தெரிந்தது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நடுவில் தொட்டது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன்.

வெறுமனே கிடந்து கிடந்து பலகை ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தபிறகு பதினொன்று மாட்டினேன். ஜிர்ரும் இல்லை, உப்பலும் இல்லை. பெரிய சத்தமில்லை, ஆனால் நிறைவான சத்தம். இதுதான் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

பங்குத் திருவிழாவுக்குப் பயிற்சி தொடங்கியது. "பதினொன்னா? எதுக்கு, நடந்து போறதுக்கா?" என்றார் மாஸ்டர். பதினோராம் நம்பர் பஸ் என்றால் இரண்டு காலால் நடப்பதுதானே, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்மா. இல்லன்னா கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்குது, பட்டனை அமுக்கினா முடிஞ்சுது." மைக் ஒன்று கேட்டேன். மைக்கெல்லாம் பாடுகிறவர்களுக்காம். பேசிக்கொண்டே அவர் கையை நீட்டி முதல் கம்பியின் கீயைத் திருக ஆரம்பித்தார். சுருதி ஏறியது, சத்தம் ஏறவில்லை. லைனில் பழகிய கை அது. இறுக்கம் போதும் என்று ரெஞ்ச் டக்கென்று சொல்கிறவரை திருகிக்கொண்டே போகும். கிட்டாரில் டக்கென்று சொன்னால் கம்பி போய்விட்டது என்று அர்த்தம்.

கிட்டாரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "விடுங்க சார்."

"லூஸாவே வெச்சிருந்தா எப்படிம்மா? மரை கழண்ட மாதிரி பேசாத."

"அளவுக்கு மேல டைட் பண்ணாத்தான் சார் மரை கழலும். உங்களுக்குத் தெரியாததா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டரின் முகம் சிவந்தது. "அப்ப நீ கீழ பெஞ்சுலயே உக்காந்துக்க. கொயர்ல வேணாம்" என்றார்.

கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் குழுவோடு உட்கார்ந்து வாசிக்கத்தான் நான் கிட்டாரே கற்றுக்கொண்டேன். ஷிப்ட் முடிந்த கையோடு, விரல் காய்த்துப்போக, அதற்காகத்தான். குழுவில் ஒருத்தி பின்னாலேயே வந்து கன்னடம் கலந்து காதில் சொன்னாள்: "திருவிழா அன்னிக்கு மட்டும் பன்னெண்டை மாட்டிட்டு அப்புறமா கழட்டிடேன்க்கா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அட்ஜஸ்ட் பண்ணப்போவது நானில்லை, அந்த மெல்லிய பலகை. முடியாது என்றேன்.

திருவிழாக் காலைப் பூசைக்குக் கிட்டாரோடு போனேன். பெண்கள் பக்கம், நடு பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஸ்பீக்கரிலிருந்து கீபோர்டின் கிட்டார் சத்தம் கொட்டியது. எங்கள் பக்கம் வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை. அத்தனை சத்தத்தில் திறந்து என்ன பயன்? காணிக்கைப் பாட்டுக்கு நானும் கூடவே மீட்டினேன். பக்கத்துப் பெண்மணி முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு, அவருக்கே தெரியாமல் என்றுதான் நினைக்கிறேன், மெல்லப் பாட ஆரம்பித்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து நின்றார். "என்னமோ பெருசா எடுத்துக்கினு வந்தியே. மூணு பெஞ்சு தாண்டிக் கேக்கலம்மா."

"ஆமாங்க சார்," என்றேன். "கோயில்லயே அந்த மூணு பெஞ்சுதான் பாடிச்சு."