சம்பந்தி பார்க்க வந்த நாள்

போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு நெஞ்சில் பாரம் வந்தது. வாயு என்று சோடா குடித்தார். சட்டை வியர்வையில் நனைந்த பிறகுதான் வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம்.

மாரடைப்பு என்றார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் (ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து) அப்போது புதிது. அது ஏறி முடிந்ததும் வலி நின்றது. "இட்லி கெடைக்குமா?" என்று கேட்டார். பிழைத்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன்.

சேதி கேட்டு மகளின் மாமனார் தேவதானப்பட்டியிலிருந்து வந்தார். அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் என் கணவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினார்.

"எந்திரிக்காதீக, படுங்க!" என்று சம்பந்தி பதறினார்.

"பொண்ணு குடுத்தவன் படுத்துக்கிட்டா கும்பிடுறது?" சிரித்தபடி நின்றே கும்பிட்டார்.

மறுநாள் காலை அதே வலி. எதற்கும் அடங்கவில்லை. மதியத்துக்குள் போய்விட்டார்.

"அந்தாளு வந்துதான் எங்கண்ணனக் கொண்டுபோயிட்டான்" என்று கொழுந்தன் இழவு வீட்டிலேயே கத்தினார். சம்பந்தி தலைகுனிந்து போனார். அதற்குப் பிறகு மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. புருஷனும் இல்லை, பெண்ணும் இல்லை என்றால் ஒருத்தி எப்படி இருப்பாள்?

மதுரைக்குப் போய், சம்பந்திக்காக எழுந்து நின்றதால்தான் இப்படி ஆனதா என்று அதே டாக்டரிடம் கேட்டேன்.

"எழுந்ததுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. நாங்க கரைச்சது கட்டிய மட்டும்தான். ரத்தக் குழாய்ச் சுவர்ல கொழுப்பு படிஞ்சு கிழிஞ்ச இடம் அப்படியே புண்ணா இருக்கும். தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் துணுக்குகள்) அங்க மறுபடி வந்து ஒட்டும். மருந்து குடுத்தும் சிலருக்கு இப்படி அடைச்சிடுது. படுத்தே இருந்தாலும் நடந்திருக்கலாம்."

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வலி நின்றால் சந்தோஷப்படுங்கள். ஆனால் நோய் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். மீண்டும் வந்தால் பக்கத்தில் இருந்தவர்மேல் பழி போடாதீர்கள்.

அங்கிருந்து நேரே தேவதானப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் சொன்னதைச் சம்பந்தியிடம் சொன்னேன்.

"அப்ப என்னையப் பாத்துச் சிரிச்சப்பவே அது உள்ள ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சா, தங்கச்சி?"

"ஆமாண்ணே."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். பிறகு உள்ளே பார்த்து, "ஆத்தா, பொறப்படு. ஒங்கம்மா கூட்டிட்டுப் போக வந்திருக்காக" என்றார்.

பஸ்ஸில் மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். முன்பெல்லாம் ஒருவர் சிரித்தால் நன்றாக இருக்கிறார் என்று நினைப்பேன். இப்போது அந்த நிமிஷத்தில் உள்ளே என்ன நடக்கிறதோ என்று பயம். போடி வரும்வரை அவள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடியே இருந்தேன்.