தலைகீழாய் ஓடிய கரண்ட்

பிள்ளைகளே, தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். பதினோராயிரம் வோல்ட் வருகிறது, அதை நானூற்று நாற்பதாகக் குறைத்து அனுப்புகிறது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பாதிப் பதில்தான் ஒருமுறை அருளப்பன் அண்ணன் உயிரை எடுக்கப் பார்த்தது. அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. நானும் அவரும் ராஜபாளையத்தில் லைன்மேன்கள். சேத்தூர் ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் ஓர் ஆலை. அதற்கென்று தனி லைன், தனி டிரான்ஸ்பார்மர். அதற்கு முந்தின கம்பத்தில் இன்சுலேட்டர் விரிசல் விட்டிருந்தது. லைன் தொடங்கும் இடத்தில் சுவிட்சைத் திறந்து, அதாவது ஆஃப் செய்து, பூட்டிவிட்டு வந்தோம். இனி அந்தக் கம்பியில் கரண்ட் இருக்க வழியில்லை என்று அண்ணன் பெல்ட்டைக் கட்டி ஏற ஆரம்பித்தார்.

எனக்கு என்னவோ போலிருந்தது. ஆலைக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்கள், அதில் ஓட்டுகிறார்கள், சரி. ஆனாலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. டிரான்ஸ்பார்மர் அடியில் போய் நின்றேன். உறுமியது. லைன் ஆஃப் ஆன டிரான்ஸ்பார்மர் உறுமாது.

"அண்ணே, எறங்குங்க. சங்கிலி போடாம ஏறாதிய."

"சுவிட்சு தொறந்து கெடக்கு, பொறவு என்னலே சங்கிலி? ஒம் பொண்டாட்டி காலைல வஞ்சது இன்னும் காதுல இரையுதா?"

"டிரான்ஸ்பார்மர்தான் இரையுது. எறங்குங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். சங்கிலி என்றால், ஒரு முனையைத் தரையில் அடித்த இரும்புக் கம்பியோடு கட்டி, மறுமுனையை மேலே மூன்று கம்பியிலும் விழும்படி வீசுவது. கம்பியில் கரண்ட் இருந்தால் தரைக்கு இறங்கிவிடும். வீசினேன். டமார் என்று நீலத் தீ பறந்தது. உள்ளே ஜெனரேட்டர் திணறி நின்றது. தறிகளும் நின்றன. அண்ணன் கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் ஓடிவந்தார். மெயின் சுவிட்சை ஆஃப் செய்யாமலே ஜெனரேட்டரைப் போர்டில் சேர்த்திருக்கிறார்கள். அதன் கரண்ட் தறிக்கு மட்டுமல்ல, வெளியே டிரான்ஸ்பார்மருக்கும் போயிருக்கிறது. அவர் சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அது வோல்டேஜைக் கொறைக்கிற டிரான்ஸ்பார்மர்தான? நம்ம நானூத்தி நாப்பது உள்ள போனா இன்னும் கொறைஞ்சுல்லா போகும்?"

அங்கேதான் பிசகு. டிரான்ஸ்பார்மர் உள்ளே ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள். ஒன்றில் சுற்று அதிகம், மற்றதில் குறைவு. இரண்டுக்கும் நடுவே காந்தம்தான் பாலம். அதிகச் சுற்றில் கொடுத்தால் குறைந்த சுற்றில் வோல்டேஜ் இறங்கி வரும். குறைந்த சுற்றில் கொடுத்தால் அதிகச் சுற்றில் ஏறி வரும். பவர் ஹவுஸில் ஏற்றுவதும் தெருவில் இறக்குவதும் இதே சங்கதிதான். வீட்டு ஸ்டெபிலைசரில் ஒரே காயில், அதிலும் சுற்றுக் கணக்குதான். அன்றைக்குக் கீழிருந்து போன நானூற்று நாற்பது, மேலே பதினோராயிரமாக நின்றிருக்கிறது.

இதைச் சொன்னதும் மேனேஜர் கம்பத்தையே பார்த்தார். "அப்ப நான் இவரைக் கொன்னுருப்பனா?"

அண்ணன்தான் பதில் சொன்னார். "இன்னும் நாலு அடி ஏறியிருந்தா."

அதனால் பிள்ளைகளே, உங்கள் கையாலே பூட்டின சுவிட்சாக இருந்தாலும், கரண்ட் எதிர்ப்பக்கமிருந்து வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சாயங்காலம் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு வீட்டுக்கு வரக் கால் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மகள் பெடலைச் சுற்றினாள். நான் கூப்பிடவில்லை. எதிர்க் கடையோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸுக்கு நடந்தேன்.