அப்பா பேச்சை அண்ணன் தட்டியது

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னபோது அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அழுவாச்சியா எழுதாதீங்க, அவருக்குப் பிடிக்காது." சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நன்றியைக் கடைசியில் சொல்வதுதான் வழக்கம். கடைசியில் எனக்குக் கண் மறைக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட கார்க்காரத் தம்பி, அங்கே அவரைப் "பெரியப்பா" என்றே கூப்பிட்ட நர்ஸ் பிள்ளைகள், அடக்கத்தன்று கொட்டுகிற மழையில் குடைகூடத் தேடாமல் பாடிக்கொண்டு வந்த சபைப் பெண்கள், பந்தலையும் சாப்பாட்டையும் தங்கள் வீட்டுக் காரியமாகப் பார்த்துக்கொண்ட தெருக்காரர்கள், அத்தனை பேரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டலாம், அண்ணனைத் திட்ட வேண்டாம்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், இரண்டு வாய்க்காலுக்கு நடுவே கிடக்கிற எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அம்மா சீக்கிரமே எங்களை விட்டுப் போய்விட்டார். அண்ணன் பத்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அப்பாவோடு வயலில் இறங்கினார். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். நாற்றுமுடி கட்டுகிற மாதிரிதான் பின்னுவார். பள்ளிக்கூடத்தில் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தப் பின்னலோடுதான் படித்தேன், ஆசிரியர் வேலைக்கும் போனேன். புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்த வருஷம்கூட என் பிள்ளைகளுக்குத் தேங்காய் வாங்கி அனுப்பினார். விலைக்கு வாங்கி அனுப்பினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அட மனுஷா!

அப்பா எங்கள் லுத்தரன் சபையில் மூப்பர். ஊரில் பெரிய மனிதர். அவர் தும்மினால் அண்ணன் துண்டோடு நிற்பார். கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும், "அப்பா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். "இப்படி ஒரு கீழ்ப்படிதலுள்ள பிள்ளை எங்களுக்கு இல்லையே" என்று சபையில் பெருமூச்சு விடாத தகப்பன் கிடையாது.

அந்தக் கீழ்ப்படிதலில்தான் வினையும் இருந்தது. இதை எழுதலாமா என்று யாரும் என்மேல் பாய வேண்டாம். எழுதச் சொன்னதே அண்ணன்தான். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நான் போனதும் மலர் போடுவீங்க. நல்லவர் வல்லவர்னு எழுதி வைக்காதே. வரப்பு விஷயத்தை எழுது. ஆனா அப்பாவைப் பாதியில விட்றாத, முழுசா எழுது" என்றார். முழுசாகவே எழுதுகிறேன்.

எங்கள் வயலுக்குக் கிழக்கே கோவிந்தராசு மாமாவின் வயல். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே வரப்பு. நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுவோம், அதாவது வரப்பின் பக்கத்தைச் செதுக்கிப் புதுச் சேறு பூசுவோம். நம் பக்கம் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கி, அடுத்தவர் பக்கம் கொஞ்சம் தடிமனாகப் பூசினால் போதும், வரப்பு நகர்ந்துவிடும். ஒரு வருஷம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "இந்தப் பக்கம் நல்லா இழுத்து வெட்டுடா" என்பார் அப்பா. அண்ணன் வெட்டுவார். வருஷா வருஷம் வெட்டினார். மூப்பர் வீட்டில் அப்படிச் செய்வார்கள் என்று மாமாவுக்கு எப்படித் தோன்றும்?

ஒரு கோடையில், மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நிருப வாசகம், அதாவது பவுல் எழுதிய கடிதத்தை வாசிப்பது, அண்ணன் முறை. நாம் எதற்குக் கீழ்ப்படிகிறோமோ அதற்குத்தான் அடிமை, பாவத்துக்கு வேலை செய்கிறவன் நீதிக்கு வேலைக்காரனாக இருக்க முடியாது என்று போகிற பகுதி. கணீரென்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். முடியவில்லை, இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். மீதியைப் போதகர் வாசித்தார். "என்னடா, மயக்கமா?" என்று அப்பா கேட்டதற்கு, "இல்லப்பா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மம்பட்டியோடு போய் வரப்பை எங்கள் பக்கமாக வெட்டிப் போட ஆரம்பித்தார். கோவிந்தராசு மாமா தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார். "மாப்ள, என்ன வேல பாக்குற நீ? யாரைக் கேட்டு வரப்புல கைய வச்ச?" அண்ணன் நிமிர்ந்து, "உங்களுதைத்தான் மாமா திருப்பிக் குடுக்குறேன். நாங்க எடுத்தது" என்றார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நிறுத்துடா. ஊர்ல என் தலைய வாங்கப் பாக்குறியா? தாய் தகப்பன் பேச்சைக் கேக்கணும்னு பத்துக் கட்டளையில இருக்கா, இல்லியா?"

"இருக்குப்பா. திருடக் கூடாதுன்னும் அதுலதான் இருக்கு."

"நான் சொல்லித்தானடா செஞ்ச? பாவம்னா அது என்னோட போகட்டும்."

"அப்பா சொன்னாருன்னு ஆண்டவர்கிட்ட போய் நான் நிக்க முடியாதுப்பா. மம்பட்டி என் கையிலதான இருந்துச்சு. நீங்க சொல்லி இதுவரைக்கும் நான் எதையும் தட்டினதில்ல. இதை மட்டும் தட்டுறேன்."

அப்பா அவரையே பார்த்தார். "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அண்ணன் அழுதுகொண்டே வெட்டினார். தனக்கு நினைவு தெரிந்து எவ்வளவு நகர்த்தினாரோ அவ்வளவையும் திருப்பினார்.

அன்றோடு அப்பா அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் இல்லை. மூப்பர் பொறுப்பையும் விட்டார், அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கும் போகவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. தினமும் இன்சுலின் போட்டுவிடுவது அண்ணன்தான். அதில் ஒரு நாளும் தவறவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். "மெதுவா குத்தச் சொல்லும்மா அவன" என்று அண்ணியிடம் சொல்வார். பக்கத்திலேயே நிற்கிறவர், "சரிங்கப்பா" என்பார். அப்பா என்று கூப்பிடுவதை மட்டும் அண்ணன் கடைசிவரை விடவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்கே தெரியாது. ஆனால் அண்ணன் மெலிந்துகொண்டே வந்தார். "அப்பா இப்படியே போயிட்டா நான் என்ன பாப்பா பண்ணுவேன்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில் அப்பா படுத்துவிட்டார். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதகர் திருவிருந்தை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன்னால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, உங்க மகன் மேல கசப்பு ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி நேராக அண்ணனைப் பார்த்தார்.

"டேய். நீ வெட்டினது பத்தாது."

அண்ணனுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை.

"நீ மம்பட்டி பிடிக்கிறதுக்கு முந்தியே நான் நகத்தினது இருக்கு. எல்லைக்கல்லு வாய்க்கால் மூலையில, புங்கமரத்து அடியில கெடக்கு. நின்ன எடத்துலயே சாச்சு நான்தான் மண்ணைப் போட்டு மூடினேன். போ, போய்த் தோண்டி அதோட எடத்துல நடு. கோவிந்தராசைக் கூப்பிட்டுக் காட்டு. அப்புறம்தான் இது எனக்கு."

அண்ணன் கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு ஓடினார். போதகர் அப்பத்தையும் ரசத்தையும் துணியால் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். காபி கொண்டுபோய் நீட்டினேன். "ஐயா வாங்கின பிறகு குடிக்கிறேம்மா" என்றார். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்புவரை சேறோடு அண்ணன் வந்தார். பின்னாலேயே கோவிந்தராசு மாமா.

"நட்டாச்சுப்பா" என்றார் அண்ணன்.

அப்பா மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உன் சோத்துல கைய வச்சுட்டேன்யா."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்லைக் கண்ணால பாத்துட்டேன் மச்சான். பேச்சை விடுங்க. பாவம், போதகரு எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்காரு. சாப்பிடுங்க."

போதகர் துணியை விலக்கினார். அப்பாவால் எழுந்து உட்கார முடியவில்லை. அண்ணியையும் என்னையும் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்.

"தூக்குடா" என்றார்.

அண்ணன் தூக்கினார்.