போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன பொங்கல் சீர்

நான் பிறந்தது கடலோரம். வாழ்க்கைப்பட்டது உத்திரமேரூருக்குப் பக்கத்தில், நெல்லைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊரில். ஏரி நிரம்பிக் கிடக்கும்போது என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, "ஒங்க கடலு இத்தவிட பெருசா இன்னா?" என்று கேட்ட மனிதர்கள் இவர்கள். நானும் சளைக்காமல், "கொஞ்சம்தான் பெருசு" என்று சொல்லி வைத்தேன்.

பிறந்த வீட்டுக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்பை ஒட்டி மீனவர் குப்பம். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அண்ணன் அங்கிருந்து மாட்டு வண்டியில் எனக்குச் சீர் கொண்டுவருவார். கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், புதுப்பானை, ஒரு சேலை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் அதைக் கிண்டல் செய்வார். செய்துவிட்டு முதல் கரும்பை அவரே உடைப்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் வண்டி வந்து நின்றபோது மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு கட்டுக் கரும்புக்கு எந்த மாடும் அப்படி இளைக்காது. "மச்சானுக்கு இந்த வருசம்தான் மனசு வந்துகீது" என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பைத் தள்ளிப் பார்த்தேன். அடியில் தார் பூசிய சாக்கு மூட்டைகள். அரிவாளால் ஒன்றைக் கிழித்தேன். உள்ளே வெளிநாட்டு நைலான் சேலைகள், அவற்றுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வைத்த கைக்கடிகாரங்கள்.

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே தெரியாது. "கள்ளக்கடத்தல்காரனுக்கு வண்டி ஓட்டப் பூட்டியா? பொறந்த வூட்டு சீரு அடியில வச்சா கொண்டாந்த?" என்று பிடித்துக்கொண்டேன். அண்ணன் சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

கொஞ்ச காலமாகவே விளக்கில்லாத படகுகள் இருட்டில் வந்து அந்தக் கரையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தன. குறுக்கே கிடந்த வலைகள் கிழிந்தன. கேட்கப் போன மீனவர்களுக்கு அடி விழுந்தது. போலீஸ் சோதனை என்று வந்தாலோ முதலில் புரட்டிப் போடுவது குப்பத்துக் குடிசைகளைத்தான். பொறுத்துப் பார்த்த குப்பத்துக்காரர்கள் கூடி, அந்தச் சரக்கை எவரும் தொட்டுத் தூக்கக்கூடாது, கரையை நாமே காவல் காப்பது என்று முடிவு செய்தார்கள். மீன் உலர்த்தும் பெண்களிடம்தான் காவலின் பாதி. விடிந்ததும் மணலில் அவர்கள்தான் முதலில் இறங்குவார்கள். கரையேறும் கால்தடம் ஆழமாகவும் திரும்பும் தடம் லேசாகவும் இருந்தால், எவனோ சுமை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று அர்த்தம். அப்படி ஒரு தடம் எங்கள் தோப்புக்குள் போயிற்று. அண்ணனும் குப்பத்து ஆண்களும் சேர்ந்து தோண்டினார்கள்.

"முன்ன ஒருவாட்டி எங்க பக்கத்து ஆபீசர் ஒருத்தர நம்பிக் குடுத்தோம். அந்தச் சேலையே அடுத்த வாரம் சந்தையில தொங்கிச்சி" என்றார் அண்ணன். "அதான் ஒங்கிட்ட கொண்டாந்தேன். ஒன் வாய்க்குப் பயந்து ஒரு பொருளும் மறையாதுன்னு குப்பத்துப் பொம்பளைங்களே சொல்லி அனுப்புனாங்க. சீரு வண்டிய எவன் நிறுத்திப் பாப்பான்? ஆனா எம்பேரு வெளிய வரக்கூடாது. எடுத்தது நாந்தான்னு தெரிஞ்சா தோப்பக் கொளுத்திட்டு வூட்டுக்கும் வருவானுங்க. புள்ளைங்க கீதுங்க."

திட்டியதை நினைத்து வெட்கப்பட நேரமில்லை. வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பேசாம கெணத்துல போட்டுடலாம்" என்றார். "வலை கிழிஞ்சவங்களுக்கு நீ பதில் சொல்றியா?" என்றேன். போலீசுக்குத் தனியாக ஒரு வண்டியில் கொண்டுபோனால் சரக்கு வழியிலேயே காணாமல் போகலாம். இல்லாவிட்டால் கடத்தியதே நாம்தான் என்று நம்மையே உள்ளே போடலாம். ஊர் பார்க்கக் கொடுக்க வேண்டும். ஊர் பார்க்க எதை எடுத்துப் போவோம்? சீரைத்தான்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொல்லியே கூப்பிட்டேன். அண்ணன் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. வண்டி வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒருத்தியும் கேட்கவில்லை. "துணி போட்டு மூடிக்கினு போலாம்மா, அப்பதான் சீரு மாதிரி இருக்கும்" என்று ஏரிக்கரைக் குடிசையிலிருந்து கூலிக்கு வந்திருந்த ஒரு பெண் யோசனை வேறு சொன்னாள். வீடு வீடாகத் தாம்பாளம் வாங்கினோம். சேலையையும் கடிகாரத்தையும் அடுக்கி, மேலே துணி மூடி, தலையில் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் கடைத்தெரு வழியாக வரிசையாக நடந்தோம். வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"யாரு வூட்டுக்கும்மா சீரு?" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள்.

"ஸ்டேஷனுக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் பின்னால் வந்த கூட்டத்தைச் சொல்லவா வேண்டும். ஸ்டேஷன் வாசலில் எல்லார் கண்ணெதிரிலும் துணியை எடுத்தோம். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்தார். ஒரு சேலையைத் தூக்கி உதறினார். பிறகு நான் யோசிக்காமல் விட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இது எங்கே இருந்தது? யார் எடுத்தது?"

ஊரையே கூட்டிவந்தவள் நான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அண்ணன் பெயர் விழுந்தால் சாயங்கால பஸ்ஸிலேயே கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எடுத்த துணியை மறுபடியும் தாம்பாளத்தின் மேல் இழுத்து மூடினேன்.

"நாந்தான் சார். என் வைக்கோல் போர்ல சொருகி வச்சிருந்தானுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தாரோ.

இன்ஸ்பெக்டர் சேலையிலிருந்து உதிர்ந்த வெள்ளை மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "உன் வைக்கோல் போரில் கடல் மணலா?"

"எம் பொஞ்சாதி கடலோரத்துப் பொண்ணு சார். எங்க வூட்ல எங்க தட்டுனாலும் மணலுதான்."

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சரக்கைப் பறிகொடுத்த கும்பலுக்கு இனி தேடிவர ஒரு பெயர் இருக்கிறது. அது என் வீட்டுக்காரரின் பெயர். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். கிணற்றில் போடச் சொன்ன இந்த மனிதரை எனக்கு அன்றைக்குப் பிடித்த மாதிரி அதற்கு முன் என்றும் பிடித்ததில்லை.

"அழுவாத" என்றார். "கடலோரத்துல தோப்புக்குள்ள எவன் வேணா பூந்துக்கினு வருவான். இங்க நம்ம வூட்டுக்கு வரணும்னா ஊரத் தாண்டித்தான வரணும்."

ஊருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் புதுமுகம் ஒன்று தெருவில் கால் வைத்தால் களத்திலிருந்து ஒரு குரல், "யார் வூட்டுக்கு?" என்று கேட்கும். டீக்கடையில் ஒருவர் கேட்பார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர் கேட்பார். பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரைக்கூட எங்கள் வாசல்வரை யாராவது கூடவே கூட்டிவந்து, நிற்கவைத்து, விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். வருஷக்கணக்கில் இது நடந்தது. அந்தக் கும்பலிலிருந்து எவனாவது எங்களைத் தேடி வந்தானா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் எங்கள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டான்.