பச்சை விழுந்தால் போதும்

மெஷின் திரையைத் துடைக்கும்போது அன்ஸாப் மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுக்காற்று பட்டால் அளவு மாறிவிடும் என்பது அவருடைய பயம். மூக்குக்கண்ணாடித் துணியால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. பிறகு துணியை மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவார். கிரீஸ் கையோடு யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. அவர் கையில் கிரீஸ் படிந்ததே இல்லை.

மாத்தளை நகரம் முடிந்து உக்குவளைப் பாதை தொடங்கும் இடத்தில் அவருடைய வீல் எலைன்மண்ட் கடை இருக்கிறது. வாகனத்தை இரும்பு மேடையில் ஏற்றி, நான்கு சில்லுகளிலும் கவ்விகளை மாட்டிவிட்டால், எந்தச் சில்லு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மெஷின் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை காட்டும். பிழை என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை. நான்கு சில்லுக்கும் பச்சை விழுந்ததும் அன்ஸாப் முகத்தில் ஒரு களை வரும். பிள்ளை பரீட்சையில் தேறிய தகப்பன் கூட அவ்வளவு பூரிக்கமாட்டான்.

இந்தத் துல்லியப் பைத்தியம் வீடு வரைக்கும் போயிருக்கிறது. ஒருநாள் சோற்றில் வாய் வைத்தவர், "உப்பு எத்தன கிராம் போட்டீங்க?" என்று மனைவி ஜெஸ்லாவிடம் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து உப்பே இல்லாத சோறும் பக்கத்தில் உப்புப் போத்தலும்தான். "நீங்களே நிறுத்துப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள் அந்த மகராசி.

வேலை முடிந்த வாகனத்தை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. "ரோட்டுக்கு என்னா தெரியும்? மிசினுக்குத்தான் தெரியும்" என்பார். கார் இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது என்று திரும்பி வந்த ஒருவரிடம், "ஒங்கட பொஞ்சாதி இடப்பக்கம்தானே உக்கார்றாங்க? எத்தன கிலோ இருப்பாங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு கடைப்பக்கம் தலைகாட்டவில்லை.

கிஷாந்த் அப்படிப் போய்விடக்கூடியவன் அல்ல. எல்கடுவத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து மாத்தளைப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றி வருகிறவன். மலையிலிருந்து இறங்கும்போது இடப்பக்கம் முழுக்கப் பள்ளம். வேன் இழுப்பதும் அந்தப் பக்கம்தான். இரண்டு முறை வந்தான், இரண்டு முறையும் பச்சை. மூன்றாம் முறையும் பச்சை விழுந்ததும், மேடையிலிருந்து வேனை இறக்குமுன் வழக்கப்படி கண்ணேறு கழிய முன்சில்லின் அடியில் நசுக்க எலுமிச்சை போல ஒரு தேசிக்காயை வைத்தான். காய் மெல்ல இடப்பக்கம் உருண்டு மேடையை விட்டே விழுந்தது. எடுத்து வைத்தான், மறுபடி உருண்டது. வேறு காயை வைத்தான். அதுவும் அதே வழியில் போனது.

"நானா, ஒங்க மேடையே இடப்பக்கம் சாஞ்சி கெடக்கு" என்றான், அண்ணன் முறை வைத்து.

"காய் ஒழுங்கான உருண்ட இல்ல தம்பி. கோணக் காயி. மிசின் புள்ளிக்குப் பொறகும் ரெண்டு நம்பர் பாக்குது. தேசிக்காய் எத்தன நம்பர் பாக்கும்?"

காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கிஷாந்த் சிரிக்கவில்லை.

அன்ஸாப்புக்குத் தெரியும். போன பெருமழையில் மேடையின் இடது தூணுக்கு அடியில் கொங்கிறீட் வெடித்து இறங்கியதைக் கண்ணால் கண்டவர், வெடிப்பின் மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டதோடு சரி. அதை வாய்விட்டுச் சொன்னால், மழைக்குப் பிறகு அந்தக் கோணல் மேடையில் ஏறிய வாகனம் அத்தனையும் கோணல் என்று ஊர் அறிய ஒப்புக்கொள்ளவேண்டும். பெயர் போய்விடும். பள்ளத்து ஓரமாகப் போய்வரும் பிள்ளைகளை விடப் பெயர் பெரிதா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியும். அவருக்கும் தெரியும். நாக்குத்தான் புரளவில்லை.

"பச்ச வந்தா பச்சதான். வேன எடுத்துட்டுப் போ தம்பி" என்றார்.

கிஷாந்த் நகரவில்லை. "சரி நானா. அப்ப நீங்களும் வாங்க. எல்கடுவைக்கு ஏறி எறங்குவோம். முன்சீட்டுல, பள்ளத்துப் பக்கம் தெனமும் ஒரு ரெண்டாம் வகுப்புப் புள்ள உக்காந்து வருது. இன்னைக்கு அந்த எடத்துல நீங்க உக்காருங்க. பச்சதானே, என்னா பயம்?"

காத்திருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அன்ஸாப்பைப் பார்த்தார்கள். மறுக்க ஒரு வழியும் இல்லை. "போவோமே, அதுக்கென்ன" என்றார்.

முன்பக்க இடது கதவைத் திறந்தார். இருக்கையைப் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பின்கதவை இழுத்து ஏறி, இருக்கைகளுக்கு இடையே குனிந்து குனிந்து நகர்ந்துபோய், வலப்பக்க ஜன்னலோரம், இறங்கும்போது மலை வரும் பக்கமாக ஒட்டி உட்கார்ந்து, முன்இருக்கைக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கிஷாந்த் இன்னும் வேனை ஸ்டார்ட் செய்யவில்லை.