தேதி அக்காவின் மூன்றாவது பரீட்சை

மருந்துக்கடையில் அவளுக்குத் ‘தேதி அக்கா’ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டோடு சரி. எந்தப் பெட்டி கடைக்குள் வந்தாலும் முதலில் திருப்பித் தேதியைப் பார்ப்பாள். இருமல் மருந்து, களிம்பு, கண் சொட்டு எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். பஞ்சுக்குக்கூடவா தேதி பார்ப்பார்கள் என்று கேட்கலாம். அவள் பார்ப்பாள். பத்தொன்பது வருஷத்தில் காலாவதியான ஒரு மாத்திரைகூட அவள் கையைத் தாண்டியதில்லை. முதலாளிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பெருமைப்படுவதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

இப்போது புது விதி ஒன்று வந்திருந்தது. உதவியாளர் பரீட்சையில் தேறியவர்கள்தான் கவுன்ட்டரில் நிற்கலாம். தேறாதவர்கள் பின்னால் கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். தேதி அக்கா முதல் தடவை நாலு மார்க்கில் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை காய்ச்சலோடு உட்கார்ந்து கோட்டை விட்டாள். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

“நாள் முழுக்க நாலு பேர்கிட்ட பேசினாத்தாங்க எனக்குச் சோறு இறங்கும். அட்டைப்பெட்டிகிட்ட என்னத்தைப் பேசுறது?” என்று புருஷனிடம் சொல்லி ஒரு பாட்டம் அழுதும் தீர்த்திருந்தாள்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் முன்கூட்டிப் பதிவு செய்த கணினியில்தான் எழுத வேண்டும். அவர்களிடம் இருந்ததோ ஒரு கிழட்டு லேப்டாப். கொழுந்தனார் புதிது வாங்கியபோது, போனால் போகிறதென்று இவர்கள் தலையில் கட்டியது. போன வாரம் அதைச் சோதித்துப் பதிவு செய்தபோது சமர்த்தாகத்தான் வேலை செய்தது.

அவளுடைய புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பயந்த சுபாவம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஜாக்கிரதை என்று சொல்ல வேண்டும். எதைத் தொடுவதானாலும் முதலில் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கணும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். வீட்டில் மிக்ஸியைத் துடைப்பதென்றாலும் மெயினை அணைத்துவிட்டு வருவார். அன்று காலை, மனைவியின் பரீட்சைக்குத் தன்னால் ஆனது என்று, லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தூசி தட்டினார். திரும்ப மாட்டி வைத்தபோது அது பளபளவென்று இருந்தது.

பரீட்சை மூன்று மணிக்கு. ஒன்றரை மணிக்கு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். வைஃபை பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன. திரையில் ‘இணைக்கப்பட்டது’ என்று இருந்தது. பரீட்சைப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. ஏதோ ஒரு எச்சரிக்கை வந்து வழிமறித்தது.

“வைஃபை மக்கர் பண்ணுது” என்று மெக்கானிக் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அந்தப் பெட்டிக்குக் கெட்ட நேரம் பிடித்தது. அணைத்தார், போட்டார். அலமாரியிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார், நாற்காலியிலிருந்து ஜன்னலுக்கு. கடவுச்சொல்லை அழித்து மறுபடி அடித்தார். எச்சரிக்கை வந்த ஒவ்வொரு தடவையும் அதை ஒரு வரிகூடப் படிக்காமல் மூடினார். மணி இரண்டு இருபது.

“நீங்க தொடாம இருந்தாலே அது சரியாயிடும்!”

“நான் தொடாம வேற யாரு தொடுவா?”

கடைசியில் அவர் தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்துப் பார்த்தார். அதிலும் அதே எச்சரிக்கை. அவர் அதையும் மூடப் போனபோது தேதி அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

“இருங்க. போன்ல குடுத்தாலும் இதே வருதுன்னா, வைஃபை மேல தப்பில்ல. இது என்னதான் சொல்லுதுன்னு படிக்க விடுங்க.”

மருந்து அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் படிக்கிற ஒரே ஆள் அந்தக் கடையில் அவள்தான். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள். ‘இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்கவில்லை.’ கீழே இரண்டு தேதிகள் இருந்தன. தொடக்கம் போன மாதம். முடிவு அடுத்த வருஷம்.

தேதி முடிந்துபோன சரக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது புதுசாக இருந்தது. போன மாதம் தொடங்கியதை இன்னும் தொடங்கவில்லை என்று சொல்கிறதென்றால், இந்த மெஷின் இன்றைக்கு என்ன தேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது?

எதிர்ச் சுவரில் தட்டு அகலத்துக்குக் கடிகாரம் இருந்ததால், திரையின் மூலையை இருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கே அம்பை வைத்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதி!

“என்னங்க, இது இன்னும் பதினோரு வருஷம் பின்னாடி கெடக்குது!”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். “உள்ள குட்டியா ஒரு பேட்டரி இருக்கும், தேதிய ஞாபகம் வெச்சுக்க. அது செத்திருக்கும். பெரிய பேட்டரியும் ஒயரும் இருக்கிற வரைக்கும் தெரியாது. ரெண்டையும் கழட்டினாத்தான்...”

அவர் பார்வை காலையில் தூசி தட்டிய பிரஷ்ஷின் மேல் போய் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க நேரமில்லை. வருஷம், மாதம், தேதி, மணி என்று ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அவசரத்தில் மாதம் ஒருமுறை தப்பாகப் போய் மறுபடி வந்தது. பக்கத்தைத் தட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் நீலப் பட்டையோடு பரீட்சைப் பக்கம் விரிந்தது. அம்மாடி! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மணி இரண்டு நாற்பத்தேழு.

“வெளிய போங்க. கதவ சாத்துங்க” என்றாள்.

இரண்டு மணி நேரம் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் கணக்கெடுக்க வந்தவரை மீட்டர் பக்கம் விடாமல் நாளைக்கு வரச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏதோ கேட்டதற்குத் தலையைத் தலையை ஆட்டினார். என்ன கேட்டார் என்பது இவர் காதில் விழவே இல்லை. அவள் அழுத அழுகைதான் கண் முன்னால் நின்றது.

கதவு திறந்தது. எழுதி முடித்த கையோடு முடிவும் திரையிலேயே வந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கேட்கவில்லை.

“கெடுக்கப் பாத்தது நான்தானே?” என்றார்.

“பாஸ்” என்றாள் அவள்.

“நான் அதக் கேக்கல...”

“நீங்க கேட்டதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். பாஸ். எந்திரிங்க, உள்ள வாங்க.”